அக்கா அடித்தால் பிழை இருக்காது

எங்கள் குடியிருப்பில் என் அக்காவைப் பற்றி யாரைக் கேட்டாலும் முதலில் சொல்வது, "அந்தம்மா அடிச்சா பிழை இருக்காது" என்பதுதான். புதிதாகக் குடிவந்தவர்கள் ஏதோ அடிதடி ஆள் போலிருக்கிறது என்று பயந்துவிடக் கூடாது. அக்கா வீட்டிலிருந்தே தமிழ்த் தட்டச்சு செய்து கொடுக்கிறவள். கல்லூரிப் பிள்ளைகளின் ஆய்வேடு, பள்ளிக்கூடத்துக் கேள்வித்தாள், வக்கீல் மனு, இரங்கல் அறிவிப்பு, 'இங்கே வண்டி நிறுத்தாதீர்கள்' என்ற எச்சரிக்கை என்று இந்த வட்டாரத்தில் எதுவானாலும் அவள் கையால்தான் எழுத்தாகும். அடிக்கும்போது விரலைப் பார்க்க மாட்டாள், திரையைப் பார்க்க மாட்டாள். எதிரே சாய்த்து வைத்திருக்கும் கையெழுத்துத் தாளை மட்டும் முறைத்துக்கொண்டு படபடவென்று அடிப்பாள். அடித்து முடித்ததைத் திரும்பப் படிக்கும் வழக்கமும் கிடையாது.

"திரும்பப் படிக்கிறதெல்லாம் கையை நம்பாதவங்க பண்ற வேலைடி" என்பாள்.

நான் அவளுக்கு நேர் மேல்வீட்டில் இருக்கிறேன். அவள் வீட்டுச் சண்டையில் பாதி என் சமையலறை ஜன்னல் வழியாகத் தானே வந்து சேரும். மீதிக்கு நான் இறங்கிப் போவேன்.

கணினி இருப்பது முன்னறையில், செருப்பு அலமாரிக்கும் ஃபிரிட்ஜுக்கும் நடுவே. பழைய படுக்கை விரிப்பில் அளவெடுத்துத் தைத்த உறை போட்டிருப்பாள். அத்தானுக்கு ஜுரம் என்றால் மாத்திரை எந்த டப்பாவில் இருக்கிறது என்று இருந்த இடத்திலிருந்தே சொல்வாள். கணினி கொஞ்சம் சூடானால் எழுந்து வந்து மின்விசிறியை அதன் பக்கம் திருப்புவாள். அத்தான் இதையெல்லாம் பெரிதாக எடுத்துக்கொள்கிறவர் இல்லை. மூக்குக்கண்ணாடிக் கடையில் கண்ணாடி தேய்க்கிற வேலை அவருக்கு. நாள் முழுக்கக் குனிந்தே இருந்து பழகியதாலோ என்னவோ, வீட்டிலும் தலை நிமிர்ந்து ஒரு வார்த்தை பேச மாட்டார். அக்கா அடித்து வைத்த தாள்களை அடுக்கி, மடித்து, பின் குத்தி, கடைக்குப் போகிற வழியில் உரியவர்களிடம் சேர்ப்பது மட்டும் அவர் பொறுப்பு.

இந்த வீட்டில்தான் ஒரு நாள் திரையின் மூலையில் ஒரு கட்டம் முளைத்தது. உங்கள் கணினியின் இயங்குதளம் பழசாகிவிட்டது, புதியதற்கு இப்போதே மாறுகிறீர்களா, பிறகா என்று கேட்டது. கதவைத் தட்டும் விற்பனைக்காரரை அனுப்புகிற மாதிரி அக்கா 'பிறகு' என்று அமுக்கிவிட்டு வேலையைப் பார்த்தாள். அது மறுநாளும் வந்தது. இவளும் விடாமல் அனுப்பினாள். யார் முதலில் சலித்துப் போவது என்று இரண்டு பேருக்கும் ஒரு போட்டியே நடந்தது. அக்காவைத் தெரிந்தவள் என்கிற முறையில் நான் அந்தக் கட்டத்துக்காகப் பரிதாபப்பட்டேன்.

அத்தானுக்கோ புதியது வேண்டும். மகள் வெளிநாட்டில் இருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை தோறும் கணினித் திரையில் அவள் முகம் பார்த்துப் பேசுவதுதான் அந்த மனிதருக்கு வாரத்தில் ஒரே கொண்டாட்டம். ஒரு ஞாயிறு முகம் வரவில்லை. உங்கள் கணினியில் இனி படம் வராது என்று கைவிரித்துவிட்டது. குரல் மட்டும் கேட்டது. இருட்டான திரைக்கு முன்னால் உட்கார்ந்து அத்தான் தலையை ஆட்டி ஆட்டிப் பேசிக்கொண்டிருந்தார்.

"போன்லயே பார்க்கலாமே அத்தான், அதுலயும்தான் முகம் வருது" என்றேன்.

"அவ்ளோ சின்னதுல பார்த்தா அவ இன்னும் தூரமாப் போயிட்ட மாதிரி இருக்கும்மா."

அக்கா காதில் விழாதது போல ஃபிரிட்ஜைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

யோசனை கேட்கலாம் என்று மாப்பிள்ளையைக் கூப்பிட்டார்கள். மாப்பிள்ளைக்குக் கம்ப்யூட்டரில் வேலை என்பது எங்கள் குடும்பத்துக்கே பெருமை. அவர் கம்ப்யூட்டரில் ஓர் ஆஸ்பத்திரியின் சம்பளக் கணக்குப் போடுகிறார் என்பதும், எங்கள் வீட்டுக் கட்டத்தைப் பற்றி நமக்குத் தெரிந்த அளவுதான் அவருக்கும் தெரியும் என்பதும் மகளுக்கு மட்டுமே தெரிந்த ரகசியம். மாமியார் கேட்கும்போது எந்த மாப்பிள்ளை எனக்குத் தெரியாது என்று சொல்வார்? தொண்டையைச் செருமிக்கொண்டு, "பார்த்துப் பண்ணுங்க அத்தை" என்றார்.

"பார்த்தீங்களா, வேண்டாங்கறார்" என்றாள் அக்கா.

"பண்ணுங்கன்னுதானே சொன்னார்?" என்றார் அத்தான்.

'பார்த்து' என்பது அக்கா கட்சி, 'பண்ணுங்க' என்பது அத்தான் கட்சி என்று ஒரு வாரம் ஓடியது. கடைசியில் கணினி மெக்கானிக்கை வரவழைத்தார்கள். சட்டைப்பையில் ஒரு கைப்பேசி, கையில் ஒன்று, காதுக்கும் தோளுக்கும் நடுவில் ஒன்று என்று வந்தார்.

"மாத்திடலாம்க்கா. ஒரே ஒரு விஷயம். உங்க பழைய தமிழ் புரோகிராம் புதுசுல ஓடாது. வேற போட்டுத் தரேன். அதுல எழுத்தை முதல்ல அடிக்கணும், கொம்பை அப்புறம் அடிக்கணும்."

அக்கா எழுந்து நின்றுவிட்டாள். "தம்பி, நீ பேனாவால 'பெ'ன்னு எழுதும்போது எதை முதல்ல எழுதுவே?"

"கொம்பைத்தான்க்கா."

"கொம்பு எழுத்துக்கு முன்னாடி நிக்குதா, பின்னாடி நிக்குதா?"

"முன்னாடிதான். ஆனா கம்ப்யூட்டருக்கு அது பின்னாடி."

"ஏன், அதுக்குக் கண்ணு முதுகுல இருக்கா?"

மெக்கானிக் என்னைப் பார்த்தார். நான் வேறு பக்கம் பார்த்தேன். அக்கா சொல்வதிலும் நியாயம் இருந்தது. கொம்பு முதலில், எழுத்து பிறகு என்றுதான் அவள் விரல்கள் இத்தனை காலமும் ஓடியிருக்கின்றன. அதைத் திருப்பிப் போடு என்றால், வலது காலில் போடுகிற செருப்பை இடது காலில் போட்டு நட என்கிற மாதிரிதான். பிழையில்லாமல் அடிக்கிறவள் என்ற பெயர் ஒன்றுதான் அவள் சம்பாதித்தது என்று அவளே சொல்வாள். அது போய்விடுமோ என்ற பயம்தான் அவ்வளவு கோபமாக வெளியே வந்தது.

ஆனால் அடுத்த ஞாயிறும் அத்தான் இருட்டுத் திரைக்கு முன்னால் போய் உட்கார்ந்தார். வெளுத்த சட்டை போட்டு, தலை வாரிக்கொண்டு வேறு உட்கார்ந்தார். மகளால் இவரைப் பார்க்க முடியாது என்பது அவருக்குத் தெரியாதா என்ன? அக்கா கதவோரம் நின்று கொஞ்ச நேரம் பார்த்தாள். அப்புறம், "சரி, வரச் சொல்லுங்க அவனை" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

மாற்றியாயிற்று. "ஒரு வாரம் பாருங்கக்கா. பிடிக்கலைன்னா பழசுக்கே திருப்பிடலாம். அதுக்கு மேல போனா யார் வந்தாலும் ஒண்ணும் பண்ண முடியாது" என்று சொல்லிவிட்டு மெக்கானிக் போனார். அன்று மாலையே மகள் திரை நிறைய வந்தாள். அத்தான் நாற்காலியை முன்னுக்கு இழுத்தார், பின்னுக்குத் தள்ளினார், எங்கிருந்து பார்த்தாலும் முகம் தெரிகிறது என்று எனக்குக் காட்டினார்.

அக்காவின் பாடுதான் திண்டாட்டம். பழகிய விரல் கொம்பை முதலில் தட்ட, அது முந்தின எழுத்தின் மேல் ஏறி உட்கார்ந்துகொண்டது. 'கதை' என்று அடித்தால் 'கைத' என்று வந்தது. 'மனைவி' என்று அடித்தால் 'மைனவி'. அத்தான் எட்டிப் பார்த்து, "இதுவும் கேட்க நல்லாத்தான் இருக்கு" என்று சொல்லி வாங்கிக் கட்டிக்கொண்டார். சொல்லின் ஆரம்பத்திலேயே கொம்பு வந்தால் ஏறி உட்கார எழுத்து இல்லாமல், கணினி தானே போடும் ஒரு புள்ளி வட்டத்தின் தோளில் தொங்கியது. அவற்றையெல்லாம் பொறுக்கியெடுத்துத் திருத்துவதற்குள் அவளுக்கு வியர்த்துவிடும்.

அந்த வாரம் பார்த்துக் குடியிருப்போர் சங்கத் தலைவர் ஒரு சுற்றறிக்கை கொடுத்தனுப்பினார். மொட்டைமாடியில் ஒழுகுகிறது, அது பற்றிப் பேசப் பொதுக்கூட்டம், அனைவரும் வரவும். தலைவரைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அவருக்கு இரண்டு முழங்காலிலும் வலி. எந்நேரமும் தைலம் தேய்த்திருப்பார். லிஃப்டில் அவர் இறங்கிப் போன பிறகு ஏறுகிறவர்களுக்குக்கூட ஜலதோஷம் விட்டுப் போகும்.

அக்கா மத்தியானம் முழுக்க அந்த ஒரு பக்கத்தோடு மல்லுக்கட்டினாள். வாழ்க்கையில் முதல் முறையாகத் திரையைப் பார்த்து, கோணலாகத் தெரிந்த சொல்லையெல்லாம் பிடித்துப் பிடித்துத் திருத்தினாள். அச்செடுத்து முடித்தபோது அவள் முகத்தைப் பார்க்க வேண்டுமே! பரீட்சையில் தேறிய பிள்ளை மாதிரி இருந்தாள். அத்தான் வழக்கம் போல மடித்து ஒவ்வொரு வீட்டுக் கதவிடுக்கிலும் செருகிவிட்டு வந்தார்.

மறுநாள் காலை எதிர்வீட்டில் சிரிப்புச் சத்தம் கேட்டது. அப்புறம் பக்கத்து வீட்டில். படிக்கட்டில் யாரோ மூச்சு வாங்கச் சிரித்தார்கள். நான் என் வீட்டுத் தாளைப் பிரித்துப் பார்த்தேன். எல்லாம் ஒழுங்காகத்தான் இருந்தது. கடைசி வரிக்கு வந்ததும்தான் கண்ணில் பட்டது.

'தங்கள் வருகையை எதிர்பார்க்கும், தைலவர்.'

'தலைவர்' என்று அடித்ததில் ஐகாரக் கொம்பு ஓர் எழுத்து முந்திக்கொண்டு 'த'வின் மேல் ஏறிவிட்டது. மற்றப் பிழையெல்லாம் பார்த்தவுடன் பல்லைக் காட்டின, அகப்பட்டன. இது மட்டும் நல்ல மனிதரைப் போல நின்றிருந்ததால் தப்பித்துவிட்டது. சத்தியமாகச் சொல்கிறேன், கூடப் பிறந்தவள் நான், எனக்கும் சிரிப்பை அடக்க முடியவில்லை. முகத்தைக் கழுவிக்கொண்டுதான் கீழே இறங்கினேன்.

தலைவர் திட்டியிருந்தால் அக்கா தாங்கியிருப்பாள். அவரோ வாசலில் அவளைப் பார்த்ததும் முழங்காலைத் தடவிக்கொண்டே, "உள்ளதைத்தானேம்மா போட்டிருக்கீங்க" என்று சிரித்துவிட்டார். அக்கா பேனாவை எடுத்துக்கொண்டு வீடு வீடாகத் திருத்தப் போனாள். ஒருவரும் தாளைக் கொடுக்கவில்லை. "இருக்கட்டும்மா, நாங்க சிரிச்சு ரொம்ப நாளாச்சு" என்று கதவை மூடிக்கொண்டார்கள். தலைவர் வீட்டம்மா அதை ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டியே விட்டிருந்தாராம்.

நான் போனபோது அக்கா செருப்பைக் கழற்றாமல் கணினி முன்னால் உட்கார்ந்திருந்தாள். கண் சிவந்திருந்தது.

"பழசுக்கே மாத்தச் சொல்லுங்க. இன்னைக்குத்தான் கடைசி நாள்" என்றாள். "எனக்கு வேண்டாம் இது. ஊரே சிரிக்குது."

அத்தான் கைப்பேசியை எடுத்தார். மெக்கானிக்கின் எண்ணை அழுத்தினார். மணி போய்க்கொண்டிருந்தது. மகளின் முகம் போகப் போகிறது என்று அவருக்கு எப்படி இருந்திருக்கும்? எனக்கே அக்கா மேல் கோபம் வந்தது. அதே நேரம் அவள் அழுத கண்ணைப் பார்க்கவும் முடியவில்லை.

"நீங்களே சொல்லுங்க" என்று அக்கா விடாமல் ஆரம்பித்தாள். "பழசுல இப்படி ஆயிருக்குமா? இத்தனை வருஷத்துல என் கையில ஒரு பிழை வந்திருக்கா? ஒண்ணு, ஒரே ஒண்ணு?"

"ஒரே ஒண்ணா?" என்றார் அத்தான்.

கேட்ட பிறகுதான், கேட்டிருக்கக் கூடாது என்று அவருக்கு உறைத்தது. தலையைக் குனிந்துகொண்டார். ஆனால் அக்கா விடுவாளா?

"என்ன சொன்னீங்க?"

"இல்ல... புள்ளி விட்டுப் போகும். சில சமயம் துணைக்கால். மடிக்கும்போது ஒரு தடவை படிச்சுப் பார்ப்பேன். கறுப்புப் பேனாவால வெச்சுடுவேன். தெரியாது."

"எல்லாத் தாள்லயுமா?"

"ஒரு வீட்டுக்கு வெச்சு இன்னொரு வீட்டுக்கு விட்டா நல்லாவா இருக்கும்?"

"எப்போ இருந்து?"

"நீ அடிக்க ஆரம்பிச்சதுல இருந்துதான்."

அக்கா சுற்றறிக்கைத் தாளை எடுத்து அவர் முன்னால் நீட்டினாள். "அப்போ இந்தத் தைலவரு? அது கண்ணுல படலையா?" என்றாள்.

"பட்டுச்சு. அது புள்ளியில முடியற விஷயம் இல்லையே. கொம்பைப் பிடுங்கி அந்தப் பக்கம் நட என் பேனாவால ஆகலை. சொல்லலாம்னுதான் வந்தேன். நீ காபியைக் கையில வெச்சுக்கிட்டு, 'புதுசும் எனக்கு அடங்கிடுச்சு, பார்த்தீங்களா'ன்னு சிரிச்சே. எப்படிச் சொல்றது?" குனிந்தபடியே, "சொன்னா உடனே இதைத் தூக்கச் சொல்லுவே. பொண்ணு முகமும் போயிடும். அந்தப் பயமும்தான்" என்றார்.

அவர் அவ்வளவு நீளமாகப் பேசி நான் கேட்டதில்லை. அக்கா அவரையே பார்த்துக்கொண்டு நின்றாள். கோபமா, வெட்கமா, அழுகையா என்று எனக்குப் பிடிபடவில்லை. மூன்றும்தான் இருந்திருக்கும்.

அதற்குள் எப்போதோ எடுத்துவிட்டிருந்த மெக்கானிக், எங்கள் பேச்சைக் கேட்டு எதிர்முனையில் கத்திக்கொண்டிருந்தார். "அண்ணே? லைன்ல இருக்கீங்களா? பழசுக்கே மாத்திடணுமா?"

அக்கா கைப்பேசியை அத்தான் கையிலிருந்து வாங்கினாள். "வேண்டாம் தம்பி, இருக்கட்டும். எதுல அடிச்சாலும் புள்ளி வைக்க வீட்டுல ஆள் இருக்கு" என்று சொல்லி வைத்தாள். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு அத்தான் பக்கம் திரும்பினாள்.

"இனிமே மடிக்கிறதுக்கு முன்னாடி எங்கிட்ட உரக்கப் படிச்சுக் காட்டணும். தெரியுதா?"