நடுங்காத காற்றாடியும் நடுங்கிய நானும்

மெஷின் நடுங்கினால்தான் எங்கள் தொழில் நடக்கும். நாங்கள் விற்பது தீப்பெட்டி அளவு கருவி. பேட்டரி கிடையாது, வயரும் கிடையாது. ஒட்டிய இடத்தின் அதிர்விலேயே கரண்டு எடுத்துக்கொண்டு, மெஷின் எப்படி ஓடுகிறது என்று ஆபீஸ் திரைக்குச் சொல்லும். மெஷினோடு மாரடிக்கும் அன்பர்களே, என் பாட்டையும் கொஞ்சம் கேளுங்கள்.

சம்பளச் சண்டை

பிரிக்பீல்ட்ஸ் ஆபீசிலிருந்து பந்திங் பக்கம் ஒரு செம்பனை எண்ணெய் ஆலைக்குப் போனேன். கொதிகலனுக்குக் காற்று ஊதும் பெரிய காற்றாடியில் கருவியை ஒட்டினேன். ஆட்டம் குறைந்தால் இது செத்துவிடும் என்று ஃபிட்டர் முனியாண்டி அண்ணனிடம் சொன்னதும், ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"மெஷின் ஆடாம ஓடணும்னு எனக்குச் சம்பளம். ஆடணும்னு உனக்குச் சம்பளமா தம்பி?"

பூஜை நாள்

ஆயுத பூஜைக்கு ஆலையை நிறுத்தினார்கள். முனியாண்டி அண்ணன் காற்றாடியின் இறக்கைகளில் அப்பியிருந்த பிசுக்கையெல்லாம் சுரண்டி, போல்டுகளை இறுக்கி, சந்தனம் குங்குமம் வைத்தார். ஆலை ஆபீஸ் திரை காலியாக இருந்தது. எப்போது காலியாக இருந்தாலும் நேரில் போய்ப் பார்த்துவிடுங்கள் என்று ஆலை சூப்பர்வைசர் கவிதாவிடம் சொன்னேன். அவர் சுண்டலைக் கொறித்தபடி சிரித்தார்.

"ஸ்கிரீன்ல ஒண்ணும் இல்லன்னா மெஷின் நிக்குதுலா பாஸ், வேற என்ன?"

பெல்ட் மூடி

மறுநாள் காலை ஆலை ஓடியது. திரை மட்டும் காலி. பிசுக்குப் போன காற்றாடி ஆடாமல் ஓடுகிறது. கருவிக்குக் கரண்டு இல்லை. அதற்குள் கவிதா வாக்கி டாக்கியில் முனியாண்டி அண்ணனிடம் சொல்லிவிட்டார், காற்றாடி நின்றுவிட்டது, பெல்ட் அறுந்திருக்கும், பாருங்கள் என்று.

ஓடினேன். அந்த இரைச்சலில் எது ஓடுகிறது, எது நிற்கிறது என்று யாருக்குத் தெரியும்? கத்தினேன், என் காதுக்கே கேட்கவில்லை. முனியாண்டி அண்ணன் பெல்ட் மூடியின் சின்னக் கதவைத் திறந்து, எங்கோ பார்த்தபடி கையை உள்ளே விடப் போனார். சட்டையைப் பிடித்து இழுத்தேன். இருவரும் தரையில் விழுந்தோம். உள்ளே பெல்ட் சீறிக்கொண்டு ஓடியது.

அவர் விரல்களை மடக்கி, நீட்டிப் பார்த்தார். எனக்குக் கால் நடுக்கம் நிற்கவில்லை.

"சாமிக்குன்னு சுத்தம் பண்ணேன் தம்பி. உன் டப்பா என் கையைப் பலி கேக்குதே!"

இப்போதெல்லாம் அதிர்வு வராவிட்டால் எங்கள் திரையில் 'தெரியாது, போய்ப் பார்' என்று வருகிறது. இவ்வளவு படித்து நான் ஒரு கருவிக்குச் சொல்லிக்கொடுத்த உருப்படியான பாடம் அது ஒன்றுதான்.