தங்கையின் விரலில் தொண்ணூற்றெட்டு

1988, கார்த்திகை மாதத்துச் செவ்வாய்க்கிழமை. தங்கைக்குப் பிள்ளை பிறந்த பதினோராம் நாள், தலைக்குத் தண்ணீர் ஊற்றினார்கள். வெளியே மழை. பச்சை உடம்புக்குக் குளிர்காற்று ஆகாது என்று அம்மா ஜன்னல் இடுக்குகளில் துணியை அடைத்தாள். தங்கையின் கட்டிலருகே கரி நெருப்புச் சட்டியில் சாம்பிராணி போட்டுவிட்டு, குழந்தையோடு கூடத்துக்கு வந்து கதவைச் சாத்தினாள்.

பிற்பகல் மூன்றரை மணிக்கு நான் கதவைத் திறந்தேன். தங்கை வாந்தி எடுத்திருந்தாள். பேச்சு குழறியது.

செங்கம் சாலையில் ஒரு சிறிய நர்சிங் ஹோமுக்குக் கொண்டுபோனோம். அங்கே ஆக்சிஜன் சிலிண்டர் ஒன்றுதான். எங்கள் ஊர் ஆசிரமத்துக்கு வந்த வெளிநாட்டு டாக்டர் ஒருவர் விட்டுப்போன கருவியும் இருந்தது. விரலில் கிளிப்பை மாட்டினால் ரத்தத்தில் எவ்வளவு ஆக்சிஜன் என்று எண்ணாகக் காட்டும். சிலிண்டர் யாருக்கு என்பதை அதைப் பார்த்தே முடிவு செய்தார்கள். அப்போது கீழ்பென்னாத்தூர்ப் பெரியவர் ஒருவரும் இழுப்போடு வந்திருந்தார். கருவி அவருக்கு எழுபத்தொன்பது காட்டியது. தங்கைக்குத் தொண்ணூற்றெட்டு.

நர்ஸ் என் விரலிலும் மாட்டிப் பார்த்தார். தொண்ணூற்றாறு.

"பாத்தீங்களா சார், உங்களவிட தங்கச்சிக்குத்தான் ஜாஸ்தி!"

"மொகம்கூட செவசெவன்னு களையா இருக்குதும்மா," என்றாள் அம்மா.

"அசதிதான். குளுக்கோஸ் ஏத்தறேன். சிலிண்டர பெரியவருக்குப் போட்டுடட்டுங்களா?" என்று டாக்டர் என்னைக் கேட்டார்.

"போடுங்க டாக்டர். அதான் நம்பரே சொல்லுதே."

நெருப்புச் சட்டியைப் பற்றி அவர் கேட்கவில்லை. நாங்களும் சொல்லவில்லை. பிள்ளை பெற்ற வீட்டில் அது இல்லாமல் இருக்குமா?

அன்றைய டைரியில் என் கையெழுத்து தெளிவாகவே இருக்கிறது: 4.10 - 98. 4.40 - 98. 5.15 - 98. ஐந்தரைக்கு வலிப்பு வந்தது. அதன் பிறகுதான் எண் இறங்கியது. சிலிண்டரை இழுத்துவந்து மாட்டுவதற்குள் தங்கையின் உயிர் போய்விட்டது. பக்கத்துக் கட்டிலில் பெரியவர் எழுந்து உட்கார்ந்து டீ கேட்டுக்கொண்டிருந்தார்.

சில மாதம் கழித்து ஒரு மருத்துவப் புத்தகத்தில் படித்தேன். மூடிய அறையில் கரி விடும் நச்சு வாயு ரத்தத்தில் ஒட்டிக்கொள்ளும். அந்தக் கருவி அதையும் ஆக்சிஜன் என்றே கணக்கிடும். சிலருக்கு முகம் சிவக்கும். உடனே சிலிண்டரை மாட்டியிருந்தால் பிழைத்திருக்கலாம். அம்மாவிடம் சொல்லவில்லை.

மறு வருஷம் என் மனைவிக்குப் பிரசவமானது. அம்மா சட்டியில் கரியை அடுக்கினாள். நான் அதைத் தூக்கிக் கொண்டுபோய்த் தெருவில் வைத்தேன்.

"ஏன்டா, தங்கச்சிக்கு நான் செஞ்சதெல்லாம் உன் பொண்டாட்டிக்கு வேணாமா?" என்றாள்.