கோட்டு போட்ட தேசப்பன்

லுப்னா மீஞ்சூரைத் தாண்டி எங்கும் போனதில்லை. ஆனால் விக்டோரியா மகாராணி காலத்து லண்டனில் எந்தச் சந்தில் பிணம் விழும், எந்தப் பாலத்தில் போலீஸ்காரன் விசில் ஊதுவான் என்று கேளுங்கள், கண்ணை மூடிக்கொண்டு சொல்வாள். எல்லாம் படக்கதை கொடுத்த ஞானம். துறைமுகத்தில் மூட்டை தூக்கிய அவள் அத்தா பழைய பேப்பர் கடையிலிருந்து வாங்கி வந்த கொலைக்கதைப் புத்தகங்களில் பிடித்த பைத்தியம், இரண்டு பிள்ளை பெற்ற பிறகும் விடவில்லை. படிப்பது போதாதென்று அவளே வரையவும் கிளம்பிவிட்டாள். லண்டன் மூடுபனிக்கு, போகியன்று ராயபுரத்தைச் சூழும் டயர் புகையைப் பார்த்து வைத்துக்கொண்டாள். அதுவே போதுமானதாக இருந்தது.

வயிற்றுப்பாட்டுக்குக் கல்மண்டபத்தில் ரஷீது பாயின் பேனர் கடை. காதுகுத்து, மஞ்சள் நீராட்டு, கண்ணீர் அஞ்சலி, எல்லாம் அவள்தான் கம்ப்யூட்டரில் செய்து கொடுப்பாள். இந்தக் கண்ணீர் அஞ்சலியில் எங்கள் பக்கம் ஒரு வழக்கம் உண்டு. உயிரோடு இருந்தவரை லுங்கியைத் தவிர வேறொன்றும் கட்டாத மனிதனுக்கும் செத்த பிறகு கோட்டு மாட்டிவிட வேண்டும். கழுத்துக்கு மேலே ஆதார் கார்டு முகம், கழுத்துக்குக் கீழே கலெக்டர். காசிமேட்டில் மீன் விற்கும் நீலாவும் போன வருஷம் அப்படித்தான் கேட்டாள்.

"எம் புருசனுக்கு நல்ல நீல கலர்ல கோட்டு போடு கண்ணு. இருந்தப்போ ஒண்ணும் போட்டுப் பாக்கல அந்த மனுசன்."

புருஷன் தேசப்பன் விசைப்படகில் வேலை செய்தவர். விடியற்காலையில் படகுக்கு நடந்து போனவரை ஒரு வண்டி அடித்துப் போட்டுவிட்டு நிற்காமல் போய்விட்டது. எந்த வண்டி, யார் ஓட்டியது, ஒன்றும் தெரியவில்லை. கேஸை மூடிவிட்டார்கள்.

லுப்னா சறுக்கியது இங்கேதான். அவள் கதையின் முதல் பக்கத்தில் தேம்ஸ் நதிக்கரையில் ஒரு கனவான் குத்துப்பட்டுக் கிடக்க வேண்டும். கோட்டு போட்ட ஆளுக்கு அவள் எங்கே போவாள்? அவளுக்குத் தெரிந்து கோட்டு போட்டவர்கள் எல்லாம் கம்ப்யூட்டரில் இருந்த செத்துப்போனவர்கள்தான். தேசப்பன் முகம் அம்சமாக இருந்தது. ஒரு தாடியை வைத்து, உயரத் தொப்பி ஒன்றைப் பக்கத்தில் உருட்டிவிட்டால் யாருக்குத் தெரியப்போகிறது என்று வரைந்துவிட்டாள். திருவொற்றியூரில் ஒரு சின்னப் பதிப்பகம் முதல் பாகத்தை அச்சும் போட்டுவிட்டது.

வருஷ நினைவஞ்சலிக்கு பேனர் சொல்ல நீலா வந்த அன்று புத்தகம் மேசையில் கிடந்தது. சும்மா புரட்டினாள். முதல் பக்கத்திலேயே கை நின்றுவிட்டது. தேசப்பனின் இடது புருவத்துத் தழும்பை மாற்ற லுப்னா மறந்திருந்தாள்.

"இது எங்க வூட்டுக்காரு தானே?"

லுப்னா நாற்காலியை விட்டு எழுந்துகொண்டாள். "ஆமாக்கா. தப்புதான். உன்ன ஒரு வார்த்த கேக்காம வரைஞ்சிட்டேன். வோணாம்னு சொல்லு, அத்தினி புக்கையும் திருப்பி வாங்கிக் கொளுத்திடறேன்."

சொல்லிவிட்டாளே தவிர லுப்னாவுக்கு மனசு வரவில்லை. தனக்கென்று அவள் செய்துகொண்ட ஒரே காரியம் அந்தப் புத்தகம். காசிமேட்டுப் பெண்களுக்குக் கோபம் வந்தால் என்ன ஆகும் என்பதும் அவளுக்குத் தெரியும். நீலாவோ ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"இவர குத்துனவன புட்சாங்களா?"

"அது ரெண்டாம் பாகத்துல வருதுக்கா."

"அதான் கேக்குறேன். புட்சாங்களா, இல்ல இங்கியும் வுட்டுட்டாங்களா?"

லுப்னா தலையைக் குனிந்துகொண்டாள். இரண்டாம் பாகம் முழுக்க வரைந்தாகிவிட்டது. அதில் கொலைகாரப் பிரபு கப்பலேறித் தப்பிவிடுவான். மூன்றாம் பாகத்துக்கு ஆளை இழுக்க அவள் யோசித்த சாமர்த்தியம் அது. பதிப்பாளரும் பலே என்றிருந்தார். இப்போது அவளுக்கே அது அசிங்கமாக இருந்தது.

"புடிப்பாங்கக்கா" என்றாள்.

கடைசி அத்தியாயத்தைக் கிழித்துப் போட்டு மறுபடி வரைந்தாள். பதிப்பாளர் முகம் சுளித்தார், அவள் மசியவில்லை. துப்பறிகிறவர் கப்பல் தட்டிலேயே பிரபுவை மடக்கினார். ஒரு பக்கம் முழுக்க விலங்கு மாட்டிய அவன் முகம் மட்டும். இந்த முறை யார் படத்தையும் பார்க்காமல், தன் மனசிலிருந்து வரைந்தாள்.

புத்தகம் வந்ததும் அவளே காசிமேட்டுக்கு எடுத்துப் போனாள். ஏலத்தில் எடுத்த மீனைப் பரப்பிக்கொண்டு நீலா உட்கார்ந்திருந்தாள். கையெல்லாம் செதில், அதனால் லுப்னாதான் ஒவ்வொரு பக்கமாகத் திருப்பினாள்.

"இவன்தானா?"

"இவன்தாங்க்கா."

"ஒரு வருசமா மூஞ்சி இல்லாதவன திட்டிகினு கீறேன் கண்ணு. நீ ஒரு மூஞ்சி குடுத்துட்ட. நல்லா இருப்ப."

நன்றி சொல்ல வேண்டியவள் நான்தானே என்று லுப்னா நினைத்தாள். அவள் கிறுக்கியதை இத்தனை பேர் வேடிக்கை பார்த்திருக்கிறார்கள். அதை நம்பி ஒரு நியாயம் கேட்டவள் நீலா ஒருத்திதான். அந்த நன்றிக்கடன் அவளுக்கு இன்றுவரை தீரவில்லை.

அதற்குள் நீலா எழுந்து நின்றுவிட்டாள்.

"டேய் பேமானி! அடிச்சியே, எறங்கிப் பாத்தியாடா? ஒரு வாய் தண்ணி குடுத்தியாடா அவருக்கு? இருட்டுல தனியா வுட்டுட்டுப் போனியேடா!"

பக்கத்துக் கடைப் பெண்கள் தராசைக் கீழே வைத்தார்கள். லண்டன் பிரபுவுக்குக் காசிமேட்டில் விழுந்த திட்டைக் கேட்டு ஒருவரும் சிரிக்கவில்லை. நீலாவுக்கு மூச்சு வாங்கியது, கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி ஆரம்பித்தாள். அவள் திட்டி முடிக்கும்வரை லுப்னா அந்தப் பக்கத்தை இரண்டு கையாலும் விரித்துப் பிடித்துக்கொண்டு நின்றாள்.