படிவத்தில் எழுதிய மொழி

என் மகளுக்குச் செம்பூரில் ஒரு சர்வதேசப் பள்ளியில், கட்டணச் சலுகையோடு, ஒன்றாம் வகுப்பில் இடம் கிடைத்தது. எங்கள் சந்து முழுவதும் வந்து வாழ்த்தியது. எனக்கோ அன்றிலிருந்து சோறு இறங்கவில்லை. தாராவியில் தோல் பை தைக்கிற பட்டறைக்காரர் வீட்டுப் பிள்ளை என்று தெரிந்ததும், ஏதாவது சாக்குச் சொல்லி வெளியே அனுப்பிவிடுவார்கள் என்று நானே ஒரு கதை கட்டி, அதை நானே நம்பினேன். பயப்படுவதற்கு எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

சேர்க்கைப் படிவத்தில் ‘வீட்டு மொழி’ என்று ஒரு கட்டம் இருந்தது. அந்தப் பள்ளியில் பாதிப் பாடம் ஆங்கிலத்தில், பாதிப் பாடம் ஹிந்தியில். வீட்டில் வேறு மொழி பேசுகிற பிள்ளைகளுக்கு முதல் வருடம் அந்த மொழி தெரிந்த ஆயா ஒருத்தி கூடவே இருப்பாள் என்று அலுவலகத்தில் சொன்னார்கள். கூட ஆள் வேண்டிய பிள்ளை என்றால் மட்டம்தானே என்று எனக்குப் பட்டது. ‘ஹிந்தி’ என்று எழுதிவிட்டேன். யாரும் சந்தேகப்படவில்லை. எங்களைப்போல முஸ்லிம் என்றால் வீட்டில் ஹிந்தியோ உருதோதான் என்பது பம்பாயின் முடிவு. திருநெல்வேலித் தமிழைத் தவிர வேறெதுவும் எங்கள் அடுப்படியில் வேகாது என்பது அவர்களுக்கு எப்படித் தெரியும்?

“ஸ்கூல்ல தப்பித் தவறியும் தமிழ் பேசிராத, என்னட்டி? சீட்டப் புடுங்கிருவாங்க” என்று தினமும் ஷூ மாட்டும்போது சொல்வேன்.

“சின்னப் புள்ளைய ஏன் இப்பிடிப் பயம் காட்டுத?” என்பார் என் வீட்டுக்காரர்.

“ஒங்களுக்கு ஒண்ணும் தெரியாது, சும்மா இரிங்க” என்று சீறுவேன்.

மகள் கெட்டிக்காரி. இரண்டே மாதத்தில் ஹிந்தியைப் பிடித்துக்கொண்டாள். ஓவியம், ஸ்கேட்டிங், நீச்சல் என்று பாட நேரத்துக்கு வெளியே நடக்கும் வகுப்புகளில் அவள் நீச்சலைத் தேர்ந்தெடுத்தாள். எனக்குத் தண்ணீர் என்றாலே உதறல். வேண்டாம் என்றால் அதற்கும் ஏதாவது நினைப்பார்களோ என்று கையெழுத்துப் போட்டேன்.

ஒரு சனிக்கிழமை பெற்றோர் வந்து பார்க்கலாம் என்றார்கள். குளத்துக்கு மேலே மாடத்தில் மற்ற அம்மாக்களோடு உட்கார்ந்திருந்தேன். நீச்சல் சொல்லிக்கொடுக்கிறவர் முறுக்கு மீசைக்காரர். பிள்ளைகளுக்கு அவரை மிகவும் பிடிக்கும். என் மகள் பாதி தூரம் வந்ததும் தண்ணீரைக் குடித்துவிட்டாள். ஓரத்துக் கம்பியைப் பிடித்துக்கொண்டு, கண் பிதுங்க, “மூச்சு... மூச்சு...” என்றாள். பயந்த வாயில் வீட்டுச் சொல்தான் வந்தது.

ஹிந்தியில் ‘மூச்’ என்றால் மீசை. அவர் சிரித்துக்கொண்டே மீசையை முறுக்கினார். “மேரீ மூச்? அச்சீ ஹை நா?” என்றார். நல்லாயிருக்கா என்று கேட்கிறார்! பிள்ளைகள் எல்லாம் சிரித்தார்கள். விளையாடுகிறாள் என்று நினைத்து, கம்பியிலிருந்து அவள் விரல்களை எடுத்துவிட்டு, நீந்தச் சொல்லித் தள்ளினார். தமிழ் என்று எழுதியிருந்தால் அந்த ஆயா இந்நேரம் கம்பிக்குப் பக்கத்தில் நின்றிருப்பாள்.

எழுந்து நின்றேன். கத்தவில்லை. இதைத்தான் இன்றுவரை என்னால் மன்னிக்க முடியவில்லை. என் பிள்ளையின் தலை தண்ணீருக்குள் போகிறது, நான் அந்த அம்மாக்கள் நடுவில் நின்றுகொண்டு மூச்சுக்கு ஹிந்தியில் என்ன என்று தேடுகிறேன். ‘ஸாஸ்’ஆ, ‘ஸான்ஸ்’ஆ? ஒன்று மூச்சு, ஒன்று மாமியார். எது எது என்று தெரியாமல் புத்தி கலங்கிப்போனது.

“எம்புள்ளைக்கி மூச்சு முட்டுது! தூக்குங்க, தூக்குங்க!”

கடைசியில் தமிழ்தான் வந்தது. சொல் புரியாவிட்டாலும் அலறல் அவருக்குப் புரிந்தது. நான் படியிறங்கி ஓடிவருவதற்குள் அவளைத் தூக்கிக் கரையில் கிடத்தி முதுகைத் தட்டிக்கொண்டிருந்தார். தண்ணீரைக் கக்கினாள். இருமினாள். அழுதாள். அந்த அழுகையைக் கேட்ட பிறகுதான் எனக்குக் கால் தரையில் நின்றது.

மீசைக்காரர் என் பக்கம் திரும்பினார். வீட்டில் இவள் என்ன மொழி பேசுவாள் என்று ஹிந்தியில் என்னிடம் கேட்டார்.

நான் பதில் சொல்வதற்குள், இருமலுக்கு நடுவே, “ஹிந்தி, சார்” என்றாள் என் மகள். சரியாகச் சொன்னேனா என்று என் முகத்தைப் பார்த்தாள்.

“நஹீ சார், தமிழ்...” என்று தொடங்கினேன். அவள் எட்டி, ஈரக் கையால் என் வாயைப் பொத்தினாள்.