புள்ளடி போட்ட சனிக்கிழமை

தேர்தலைப் பற்றி எனக்கு ஒருவரும் பாடம் எடுக்கத் தேவையில்லை என்றுதான் நினைத்திருந்தேன். யாழ்ப்பாணத்தில் ஆசிரியையாக இருந்த காலத்தில் மூன்று தேர்தல்களில் வேலை செய்தவள் நான். வாக்காளரின் விரலில் மை பூசியிருக்கிறேன். வாக்கெண்ணும் மண்டபத்தில் செல்லாத தாள்களைப் பிரித்துக் குவித்திருக்கிறேன். விருப்பமானவரின் பெயருக்கு எதிரே ஒரே ஒரு புள்ளடி, இரண்டு கோடு குறுக்கே, அவ்வளவுதான். கையொப்பம் வைத்தால் செல்லாது. இலக்கம் எழுதினால் செல்லாது. நித்திரையில் கேட்டாலும் ஒப்புவிப்பேன்.

1972 கடைசியில் நாங்கள் சிட்னியில், ஸ்ட்ராத்ஃபீல்டில், ரெயில் பாதைக்குப் பக்கத்தில் ஒரு வாடகை வீட்டில் இருந்தோம். கணவர் பொறியியலாளர். நான் பிஸ்கற் தொழிற்சாலையில் பெட்டி அடுக்கினேன். ஆசிரியைச் சான்றிதழை இந்த நாட்டில் யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. மூன்றாவது ஆள் என் தம்பி. அம்மா போன பிறகு நான் வளர்த்த பிள்ளை. ரெயில் பெட்டி திருத்தும் பட்டறையில் மின்சார வேலை பழகிக்கொண்டிருந்தான். அந்த வருடம்தான் அவனுக்கு இருபது வயது.

இருபது வயது என்பது அப்போது இந்த நாட்டில் பொல்லாத வயது. இரண்டு கட்சிகள் சேர்ந்த கூட்டணி ஒன்று இருபத்து மூன்று வருடமாக ஆண்டுகொண்டிருந்தது. வியட்நாம் போருக்குப் படை அனுப்பியதும் அதுதான். படைக்கு ஆள் சேர்க்க அவர்கள் ஒரு வழி வைத்திருந்தார்கள். ஒவ்வொரு பிறந்த நாளுக்கும் ஒன்றாகச் சிறு மரக்குண்டுகளைப் பீப்பாயில் போட்டுச் சுழற்றுவார்கள். கைக்கு அகப்படும் குண்டு உன் பிறந்த நாளுக்கு உரியதானால் நீ போகவேண்டும். ஊரில் லொத்தர்ச் சீட்டு விழுந்தவன் அயலுக்குப் பலகாரம் கொடுப்பான். இங்கே என் தம்பிக்கு விழுந்தது.

மருத்துவப் பரிசோதனைக்கு வரச்சொல்லிக் கடிதம் வந்தது. திகதி, தேர்தல் முடிந்து பத்து நாள் கழித்து. தம்பி அதை இரண்டு தடவை வாசித்தான்.

"நான் போகமாட்டன் அக்கா. என்னோடை ஒரு சண்டையும் இல்லாத சனத்தை நான் ஏன் சுட வேணும்?"

போனால் பதினெட்டு மாதம் படை. மறுத்தால் பதினெட்டு மாதம் சிறை. அதுதான் சட்டம். கணவருடைய பயம் வேறு. இவன் மறுத்தால் எங்கள் மூன்று பேரையும் கப்பலேற்றிவிடுவார்கள் என்று பயந்தார்.

ஒரே வழி அரசு மாறுவதுதான். எதிர்க்கட்சி வந்தால் கட்டாயப் படைச்சேவையை நிறுத்துவோம் என்று சொல்லியிருந்தது. தம்பிக்கு வாக்கு இல்லை. வாக்களிக்க இருபத்தொன்று ஆகவேண்டும்.

"துவக்குப் பிடிக்க வயசு காணும், பென்சில் பிடிக்கத்தான் காணாது" என்று சொல்லிச் சிரித்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. எனக்கும் கணவருக்கும், பிரித்தானியப் பேரரசின் பழைய சட்டம் ஒன்றின் தயவில், குடியுரிமை எடுக்காமலே வாக்கு இருந்தது. ஆக, அந்த வீட்டில் தம்பிக்காகப் போடக்கூடிய வாக்கு இரண்டு. அதில் ஒன்று என் கணவருடையது என்பதுதான் சிக்கல்.

அவர் ஆளும் கட்சிக்காரர். வெள்ளைக்காரருக்கு மட்டும் திறந்திருந்த கதவை எங்களுக்கும் கொஞ்சம் திறந்தவர்கள் இவர்கள்தான் என்பது அவர் வாதம். அதில் உண்மை இல்லை என்று நானும் சொல்லமாட்டேன். குசினி மேசையில், சமைக்கும்போதும் சாப்பிடும்போதும், தினமும் இதே சண்டை.

"உப்பிட்டவரை உள்ளளவும் நினை எண்டு நீர் தானே பிள்ளையளுக்குப் படிப்பிச்சனீர்?"

"உப்பிட்டதுக்கு நன்றி சொல்லலாம். அதுக்காகப் பிள்ளையைத் தூக்கிக் குடுக்கேலாது."

"படையெல்லாம் திரும்பி வந்திட்டுதப்பா. போர் முடியப்போகுது."

"முடியப்போற போருக்கு ஏன் என்ரை வீட்டுக்குக் கடிதம் வந்தது?"

அவர் உடனே பேப்பரை விரித்து முகத்தை மறைத்துக்கொள்வார். ஊரில் என்றால் வீட்டுத் தலைவர் கைகாட்டிய பக்கம்தான் முழு வீடும் புள்ளடி போடும். எத்தனை பெண்கள் புருஷனின் சின்னத்தை மந்திரம் மாதிரி முணுமுணுத்துக்கொண்டு என் மேசைக்கு வந்திருக்கிறார்கள்! நான் அப்படிப் போகப்போவதில்லை என்று அவருக்கு நேரே சொன்னேன். "உம்முடைய வாக்கு, உம்முடைய விருப்பம்" என்றார். தன்னுடையதைப் பற்றி வாய் திறக்கவில்லை. திறக்கத் தேவையில்லை, எனக்குத் தெரியும் என்று நினைத்தேன்.

ஆனாலும் நான் பழைய ஆசிரியை ஆயிற்றே. தேர்தலுக்கு முதல் நாள் பின்னேரம் அவருக்கும் சேர்த்தே பாடம் நடத்தினேன். "புள்ளடி கட்டத்துக்கு வெளியிலை போகக்கூடாது. வேறை ஒண்டும் எழுதக்கூடாது." அவர் தலையாட்டினார்.

சனிக்கிழமை காலை, டிசம்பர் வெயில். பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் வாக்களிப்பு. வாசலில் பெற்றோர் கேக் விற்றார்கள். தேர்தல் நாளில் கேக்! கட்சிக்காரர்கள் இருபுறமும் நின்று, எப்படி வாக்களிப்பது என்று அச்சடித்த துண்டுகளை நீட்டினார்கள். கணவர் கழுத்துப்பட்டியைச் சரிசெய்துகொண்டு மரியாதையாக மறுத்தார். என் தொழிற்சாலைத் தோழி ஒருத்தி எதிர்க்கட்சிப் பக்கம் நின்று என் கையில் ஒன்றைத் திணிக்கப் பார்த்தாள். "எனக்குத் தெரியும், நான் ஊரில் தேர்தலே நடத்தியவள்" என்று ஆங்கிலத்தில் சொல்லிவிட்டு நிமிர்ந்து நடந்தேன். எங்கள் ஆளின், அந்த எதிர்க்கட்சி வேட்பாளரின், பெயரை ஒரு வாரமாக மனப்பாடம் செய்திருந்தேன். அதற்குமேல் என்ன வேண்டும்?

மேசையில் பெயரைச் சொன்னதும், பழக்க தோஷத்தில் மைக்காக இடது கைச் சின்னவிரலை நீட்டினேன். அங்கே இருந்த அதிகாரி, தலை நரைத்த மனிதர், விரலுக்குக் காயமா என்று கேட்டார். இங்கே மை பூசுவதில்லை. அப்போதாவது எனக்குப் புத்தி வந்திருக்கலாம்.

மறைப்புக்குள் போனேன். நூலில் கட்டிய பென்சில். நாலு பெயர்கள். எங்கள் ஆளின் பெயரைக் கண்டுபிடித்து, பக்கத்துக் கட்டத்தில் ஒரு புள்ளடி போட்டேன். நேர்த்தியான புள்ளடி, கரும்பலகையில் மாதிரிக்குப் போடலாம். பிறகுதான் தாளில் அச்சடித்திருந்த அறிவுறுத்தல் கண்ணில் பட்டது. விருப்ப வரிசைப்படி எல்லாக் கட்டங்களுக்கும் ஒன்று, இரண்டு என்று இலக்கம் இடவேண்டும்.

எந்த இலக்கத்தைக் கண்டதும் ஊரில் தாளைச் செல்லாத குவியலில் எறிந்தேனோ, அதே இலக்கம் இல்லாமல் என் தாள் இங்கே செல்லாது. யானைக்கும் அடி சறுக்கும். எனக்குச் சறுக்கியது என் தம்பியின் பதினெட்டு மாதத்தின் மேல்.

நிமிர்ந்தேன். அடுத்த மறைப்பிலிருந்து கணவர் வெளியே வந்து, மடித்த தாளுடன் பெட்டியை நோக்கி நடந்துகொண்டிருந்தார். என் பாடத்தின்படி கட்டத்துக்கு வெளியே போகாத ஒரு புள்ளடி அதற்குள் இருந்தது. நாலு எட்டு தூரம். "நில்லுங்கோ" என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். ஆளும் கட்சிக்கு ஒரு வாக்குக் குறையட்டும் என்று நினைத்தேன். அப்படியே நினைத்தேன், மழுப்ப விரும்பவில்லை. வாயை மூடிக்கொண்டு பார்த்தேன். அவர் தாளைப் பெட்டிக்குள் போட்டார்.

பிறகு நான் அதிகாரியிடம் போனேன். "என் தாள் பழுதாகிவிட்டது. எனக்கு வேறு ஒன்று வேண்டும்."

அவர் தாளை வாங்கிப் பார்த்தார். "பரவாயில்லை, லவ். முதல் தடவை எல்லாருக்கும் கஷ்டம்தான். போட்டுவிட்டுப் போங்கள்." இந்த ஊரில் மரக்கறிக் கடைக்காரனும் 'லவ்' என்றுதான் கூப்பிடுவான், அதற்குக் கோபம் இல்லை. 'போட்டுவிட்டுப் போங்கள்' என்றதற்குத்தான் கோபம் வந்தது.

"பழுதான தாளைத் திருப்பித் தந்தால் புதியது தரவேண்டும். இங்கும் அப்படி ஒரு விதி இருக்கும். புத்தகத்தைப் பாருங்கள். நான் நிற்கிறேன்."

எனக்குப் பின்னால் வரிசை நீண்டது. யாரோ தொண்டையைச் செருமினார்கள். வாசலில் நின்ற கணவர் அவசரமாக உள்ளே வந்தார்.

"இஞ்சாரும், விடும். ஆக்கள் பாக்கினம்."

"பாக்கட்டும்."

"என்ன நடந்தது?"

"பென்சில் சறுக்கிப்போச்சு" என்றேன். ஊரில் தேர்தல் நடத்தியவளுக்கு உண்மையைச் சொல்ல வாய் வரவில்லை.

அதிகாரி புத்தகத்தைப் புரட்டினார், இன்னொருவரைக் கூப்பிட்டார், கடைசியில் புதுத் தாளைத் தந்தார். ஒன்று, இரண்டு, மூன்று, நாலு என்று அழுத்தி எழுதினேன். கடைசி இலக்கத்தை யாருக்குக் கொடுத்தேன் என்று சொல்லத் தேவையில்லை. அந்த நாலைப் போல மனநிறைவாக நான் எதையும் எழுதியதில்லை.

அந்தக் கூட்டணி தோற்றது. அந்த வாரமே கட்டாயச் சேவை நிறுத்தப்பட்டது என்று வானொலி சொன்னது. மறுத்துச் சிறைக்குப் போனவர்களையும் விடுவித்தார்கள். தம்பி அன்று பின்னேரம் அந்தக் கடிதத்தைக் கொண்டுவந்து மேசையில் விரித்து, அதன்மேல் சோற்றுச் சட்டியை வைத்தான். "இப்பதான் இதுக்கு ஒரு வேலை கிடைச்சிருக்கு" என்றான். நான் அழுதேன், சிரித்தேன், இரண்டையும் சேர்த்தே செய்தேன்.

அவன் கை கழுவப் போனதும் கணவர் மெதுவாகச் சொன்னார்.

"ஒரு வாக்கிலை என்ன வரப்போகுது எண்டுதான் யோசிச்சனான். எண்டாலும் போட்டிட்டன்."

"ஆருக்கு?"

அவர் தம்பி போன பக்கம் தாடையைக் காட்டினார். "வேறை ஆருக்கு? அவன் எனக்கும் பிள்ளைதானே. உமக்கு முன்னாலை ஒத்துக்கொள்ள வெக்கமாயிருந்தது. நீர் சொன்ன மாதிரியே புள்ளடி போட்டனான், கோட்டுக்கு வெளியிலை போகேல்லை."

எதிரியின் வாக்கு என்று நினைத்து நான் வாய் மூடிப் பார்த்திருந்தது, என் தம்பிக்காகப் போட்ட வாக்குச் செல்லாமல் போனதை. சொல்லவேண்டும் என்று அன்றும் நினைத்தேன், பிறகும் நினைத்தேன். எதற்கும் அஞ்சாத என் வாய் அதற்கு மட்டும் அஞ்சியது.

ஒன்றரை வருடத்தில் மறுபடி தேர்தல் வந்தது. அதே பள்ளிக்கூடம், அதே கேக், அதே நரைத்த தலை. கணவர் எனக்கு இரண்டு மறைப்புத் தள்ளி நின்று பென்சிலை எடுத்தார். நான் எட்டிப் பார்த்து உரத்துச் சொன்னேன்.

"இஞ்சாருங்கோ! புள்ளடி போடாதேங்கோ. அது செல்லாது. எல்லாக் கட்டத்துக்கும் இலக்கம் போடுங்கோ. போன முறையும் அப்பிடித்தான்!"

மண்டபமே திரும்பியது. இங்கே கதைக்கக் கூடாது, மேடம் என்று அதிகாரி எழுந்தார். "போன தடவை கதைக்காமல் இருந்தேன். அது போதும்" என்று அவருக்கு ஆங்கிலத்தில் சொன்னேன்.

கணவர் பென்சிலுடன் அப்படியே நின்று என்னைப் பார்த்தார். போன தடவை நான் கேட்டு வாங்கிய புதுத் தாளும், அவருடைய மடித்த தாளும் அவர் நினைவில் வந்து சேர்வது முகத்தில் தெரிந்தது. நான் கண்ணைத் தாழ்த்தவில்லை. அவர் குனிந்து, ஒன்றிலிருந்து எழுதத் தொடங்கினார்.