செத்தவர் பெயரில் ஒரு துப்பாக்கி

தெருவில் அவளுக்கு 'ஊசி' என்று பெயர். தையல்காரி என்பதால் மட்டுமல்ல, வாயும் அப்படி. வங்கி வாசலில் இரட்டைக்குழல் துப்பாக்கியோடு காவல் நின்ற கணவர் மஞ்சள் காமாலையில் போய்ச் சேர்ந்தபோதும் அந்த வாய் மழுங்கவில்லை. துப்பாக்கி அவருடைய சொந்தப் பொருள். சொந்தத் துப்பாக்கி உள்ளவனுக்குத்தான் வங்கி வாசல் என்பது அவரை அனுப்பிய ஏஜென்சியின் வழக்கம். காரியமெல்லாம் முடிந்ததும் அதைப் பரண்மேல் ஏற்றினார்கள்.

கொஞ்ச நாளில் வீட்டுக்குள் எண்ணெய் வாசனை எழத் தொடங்கியது. அவர் குழலைத் துடைக்கும்போது வருமே, அதே வாசனை. தைத்த துணிகளைக் கொடுத்துவிட்டுத் திரும்பும்போதெல்லாம், யாரோ இப்போதுதான் எழுந்து போனதுபோல அது கூடத்தில் நின்றது. கொழுந்தனிடம் சொன்னாள்.

"அண்ணன் மனசு ஆறாம சுத்துறாரு, அண்ணி," என்றான் கொழுந்தன். "துப்பாக்கிய உங்க பையன் கையில குடுத்துருங்க. அடங்கிருவாரு."

"உயிரோட இருந்தப்ப ஒரு டம்ளர் கழுவி வச்சதில்ல. செத்தப்புறம் வந்து துப்பாக்கி துடைக்கிறாராக்கும்!"

சொல்லிவிட்டாளே தவிர, அன்று தையல் நேராக ஓடவில்லை. ஸ்டூல் போட்டுப் பரணில் ஏறினாள். எண்ணெய்த் துணி ஈரமாக இருந்தது. இறங்கி வந்து மகனின் விரல்களைப் பிடித்துப் பார்த்தாள். நகக்கண்ணெல்லாம் கறுப்பு.

"சித்தப்பா எனக்கு வங்கிக் காவல் வேலை பேசிட்டாரும்மா. அப்பா லைசென்ஸையே காட்டிக்கலாமாம். போட்டோவுல என் ஜாடைதானாம். ஏஜென்சிக்காரரும் சரின்னுட்டாரு."

"செத்தவரு பேர்லயாடா போய் நிக்கப் போற?"

கொழுந்தன் குறுக்கே வந்தான். "அப்பன் பொருள் மகனுக்குப் போகுது. வெளியாளுக்கா விக்கிறோம்?"

கேட்க நியாயம்போல இருக்கும். அவள் நம்பவில்லை, காவல் நிலையத்துக்கே போய் விசாரித்தாள். உரிமம் குடும்பச் சொத்தல்ல. ஒரு மனிதரை விசாரித்து, அவரை மட்டும் நம்பிக் கொடுப்பது. அவர் மூச்சோடு அதுவும் முடிந்தது. துப்பாக்கியை அப்போதே ஒப்படைத்திருக்க வேண்டும். மகனுக்கு வேண்டுமானால் இருபத்தொரு வயது நிரம்பி, தன் பெயரில் உரிமம் வாங்கிய பிறகுதான் தொடலாம். ஏஜென்சிக்காரனுக்கு இதெல்லாம் அத்துப்படி. மாட்டினால் உள்ளே போகப்போவது தானல்ல என்பதும் அவனுக்குத் தெரியும். ஏழைப் பிள்ளையை வைத்துச் சூதாட யாருக்குத்தான் கை நடுங்குகிறது?

மறுநாள் காலை பழைய போர்வையில் துப்பாக்கியைச் சுற்றி மகனிடம் கொடுத்து, கூடவே நடந்தாள். கொழுந்தன் பைக்கில் பின்னாலேயே வந்தான். "கெடுத்துட்டீங்க அண்ணி, பையன் வாழ்க்கையவே கெடுத்துட்டீங்க," என்று காவல் நிலைய வாசல்வரை புலம்பினான்.

உள்ளே எழுத்தர் குழலைச் சுவர்ப்பக்கம் திருப்பி, மடித்துத் திறந்தார். தோட்டா ஒன்று வழுக்கி விழுந்து மேசையில் உருண்டது.

அந்தப் பரணுக்கு நேர் கீழேதான் அவளுடைய தையல் மெஷின்.

"யாரும்மா போட்டது இத?"

செத்தவர்மேல் போட்டுவிடலாம். அவரை யாரும் பிடித்துக்கொண்டு போக முடியாது. "அவருதான்..." என்று தொடங்கினாள்.

"நான்தான் சார்," என்றான் மகன்.

"எதுக்குடா?"

"உள்ள போட்டா எவ்ளோ கனம் இருக்கும்னு பாக்க."

"வயசு?"

"பத்தொம்பது."

எழுத்தர் பேனாவை மூடினார். "உள்ள வா."

உள்ளறைக் கதவு சாத்திக்கொண்டது. வெளியே கொழுந்தன் பைக்கை உதைத்துக் கிளப்பும் சத்தம் கேட்டது. அது தெருக்கோடிவரை போய்த் தேய்ந்தது. அவள் கதவை விட்டு நகரவில்லை.