கால்வாய் மேல் நின்ற கடை

மாதவராஜ் வாதாடி ஜெயித்த வழக்குகள் குறைவு. தள்ளிப்போட்டுக் காப்பாற்றியவைதான் அதிகம். வீட்டைக் காலி செய்யச் சொன்னாலும் ஜப்தி நோட்டீஸ் வந்தாலும் ஜனங்கள் அவரிடம்தான் ஓடினார்கள். "ஆறு மாசம் கெடைச்சா சமாளிச்சிருவேன் சார்" என்பார்கள். அவர் வாய்தா மேல் வாய்தாவாக இரண்டு வருஷம் வாங்கிக் கொடுப்பார். எதிர்த்தரப்பு வக்கீலும் மறுக்க மாட்டார். நாளைக்கு அவருக்கும் வாய்தா வேண்டுமே.

"கல்யாணத்துக்கே வாய்தா வாங்குன மனுசன்யா" என்று டீக்கடையில் சிரிப்பார்கள். நாற்பது தாண்டித்தான் அவருக்குக் கல்யாணம் ஆனது. அப்படிச் சிரித்தவர்களே ஓட்டுப் போட்டு அவரைக் கவுன்சிலராக்கினார்கள். கவுன்சிலர்கள் கூடி நகராட்சித் தலைவராக்கினார்கள்.

மழைநீர்க் கால்வாயின் மேல் பலகைக்கல் பரப்பிக் கட்டிய முனிராஜின் சைக்கிள் கடையும் அவர் காப்பாற்றியதுதான். நகராட்சி அதை இடிக்கக் கூடாதென்று கோர்ட்டில் தடை வாங்கியிருந்தார். தலைவரானதும் வழக்கை வேறு வக்கீலிடம் கொடுத்துவிட்டார். தடை மட்டும் அப்படியே இருந்தது. கடைக்கு அடியில் கால்வாய் அடைத்துக்கொண்டதால், பெரிய மழைக்குப் பின் தெருவில் தண்ணீர் ஏறியது.

அந்தத் தெருவிலிருந்து வஹிதா ஆவணி மாதம் அவரைப் பார்க்க வந்தாள். தையல் கம்பெனியில் வேலை. வீட்டில் பக்கவாதத்தில் படுத்த தாய்.

"போன மழைக்கே கட்டில் கால் வரைக்கும் வந்துருச்சு சார். எங்கம்மாவால எந்திரிச்சு ஒக்கார முடியாதுங்க."

"பாக்கறேம்மா."

"எல்லாரும் பாத்துட்டுத்தான் சார் போறாங்க."

நகராட்சிக் கமிஷனரும் கடையை எடுத்தாக வேண்டும் என்றார். "தடையை நீக்கச் சொல்லி மனுப் போடலாம் சார். நீங்க சரின்னா போதும்."

விஷயம் காதில் விழுந்து, அன்று மாலையே முனிராஜ் வந்து நின்றார். "கார்த்திகையில எம் பொண்ணு கோகிலவாணி கல்யாணங்க. மாப்ள வூட்ல கடையப் பாத்துட்டுத்தான் சரின்னாங்க. அதுவரைக்கும் வுட்ருங்க சார்."

மாதவராஜ் தை மாதம் மனுப் போடலாம் என்று கமிஷனரிடம் சொன்னார். கல்யாணமும் நடக்கும், கால்வாயும் திறக்கும். இரண்டு பேருக்கும் நல்லது செய்ததாகவே நினைத்தார். ஒரு தரப்பின் கஷ்டத்தை இன்னொரு தரப்புக்குச் சொல்லும் பழக்கம் வக்கீல்களுக்கு இல்லை. அவரும் சொல்லவில்லை.

ஐப்பசியில் ஒரு பிற்பகல், மலைப்பக்கம் இருட்டிக்கொண்டு வந்து கொட்டியது. வஹிதா கம்பெனியில் இருந்தாள். தாய் எழுந்து கதவைச் சாத்த முடியாதென்று, தினமும் வெளியே பூட்டிவிட்டுப் போவாள். தெருக்காரர்கள் இடுப்பளவுத் தண்ணீரில் வந்து பூட்டை உடைத்தபோது கட்டில் மூழ்கியிருந்தது.

மறுநாள் காலையில் முனிராஜ் தன் கடையைத் தானே சம்மட்டியால் உடைத்தார். எந்தக் கோர்ட்டும் உத்தரவு போடவில்லை. கற்கள் பெயர்ந்து, மண்டிக் கிடந்த குப்பையை வாரிய பிறகு தண்ணீர் தடையில்லாமல் ஓடியது. செய்தி கேட்டு வந்த மாதவராஜ் ஓரமாக நின்றார். முனிராஜ் நிமிர்ந்தார்.

"படுத்த படுக்கையா ஒரு அம்மா இருக்காங்கன்னு எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமே சார். நானு வேற எடம் பாத்துருப்பனே."

அடக்கம் முடிந்த மறுநாள் மாதவராஜ் வஹிதா வீட்டுக்குப் போனார். சுவரில் சேற்றுக்கோடு ஜன்னல் உயரத்துக்கு இருந்தது. அவள் வாசலில் மெத்தையை உலர்த்திக்கொண்டிருந்தாள்.

"தள்ளிப்போட்டது நான்தாம்மா" என்றார்.

"தெரியுங்க சார். ஆபீஸ்ல சொன்னாங்க." மெத்தையின் ஓரத்தை இழுத்துவிட்டாள். "நீங்க கெட்டவரா இருந்திருந்தா தெனம் வந்து சத்தம் போட்டிருப்பேன். நல்ல மனுசன், செஞ்சிருவாருன்னு சும்மா இருந்துட்டேன்."

மெத்தை ஈரத்தில் கனத்துச் சரிந்தது.

"அந்தப் பக்கம் புடிங்க சார்" என்றாள்.

அவர் பிடித்தார்.